நல்லதுக்குத்தான் சொன்னேன்

மெலிய வைக்கும் காப்பிக்கு விளம்பர வாசகம் எழுதியவன் நான். 2015 டிசம்பர் தொடக்கத்தில், 150 வெள்ளிக்கு எழுதினேன். அது அச்சான பக்கத்தின் மேல்பாதியில் என் சினிமா விமர்சனமும் வந்தது. பெண்களை அவர்கள் உடம்பைக் காட்டியே பயமுறுத்திக் காசு பண்ணும் கூட்டத்தைச் சாடிய ஒரு படத்தை அதில் மனதாரப் பாராட்டியிருந்தேன். விமர்சனத்தின் கீழே என் பெயர் இருந்தது. விளம்பரத்தின் கீழே யார் பெயரும் இல்லை. பெயர் போட்டு எழுதியதற்கு வேண்டிய பாராட்டை வாங்கியாயிற்று. பெயர் போடாமல் எழுதியதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அது மட்டுமல்ல, பெயர் போட்டு எழுதியதிலும் ஒப்புக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் போர்ட் கிள்ளான்காரன். அப்பா தென் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் ஒரு ஃபார்வர்டிங் ஆபீசில் கிராணியாகச் சேர்ந்து, சுங்கப் பாரங்களை நிரப்பியே ஓய்வு பெற்றேன். சினிமா எழுத்து ஞாயிற்றுக்கிழமைக்கானது. வெள்ளிக்கிழமை கிள்ளானில் படம் பார்ப்பேன், சனிக்கிழமை மதியத்துக்குள் எழுதிக் கொடுப்பேன், மறுநாள் காலை பண்டமாரான் காப்பிக் கடையில் யாராவது என் வரிகளை உரக்கப் படிப்பார்கள். எந்த வரியைப் படிப்பார்கள் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற வரிகளை எழுதினேன்.

அந்த வரி பெரும்பாலும் யாரோ ஒரு நடிகையின் உடம்பைப் பற்றியதாக இருக்கும்.

கத்தரித்து ஒட்டி வைத்த பழைய விமர்சனங்களை அண்மையில் முழுக்கப் படித்தேன். பிள்ளை பெற்று மீண்டும் நடிக்க வந்த ஒருவரைப் பற்றி, ‘வருவதற்கு முன் உடம்பைக் கவனித்திருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறேன். இன்னொருவரைப் பற்றி, ‘நாயகன் தூக்க முயலும் காட்சியில் நமக்கு இடுப்பு வலிக்கிறது.’ 2012-ல் ‘நீதானே என் பொன்வசந்தம்’ வந்தபோது, சந்தானத்துக்கு ஜோடியாக நடித்த வித்யுல்லேகா ராமனின் நடிப்புக்கு ஒரு வரி, உருவத்துக்கு மூன்று வரி. அது அவருக்கு முதல் படம். நகைச்சுவையில் நேரம் தப்பாமல் வசனம் சொல்லத் தெரிந்த பெண் வந்திருக்கிறார் என்று எழுத வேண்டிய இடத்தில், நாற்காலி தாங்குமா என்று எழுதியிருக்கிறேன்.

இவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மோசம். இந்தியப் படங்களில் 2012 அக்டோபரிலிருந்து, யாராவது புகைபிடித்தால் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் ஓட வேண்டும்; படம் தொடங்கும்போதும் இடைவேளைக்குப் பிறகும் புகையிலையின் கேட்டைச் சொல்லும் துண்டுப் படம் காட்ட வேண்டும். நமக்கு வரும் பிரதியிலும் அந்த வாசகம் அப்படியே இருக்கும். ஒரு நடிகையின் பாட்டுக் காட்சியைப் பற்றி எழுதும்போது, ‘இதற்கும் ஓர் உடல்நல எச்சரிக்கை போட்டிருக்கலாம்’ என்று எழுதினேன். ஆசிரியர் அந்த வரியைக் கட்டம் கட்டிப் போட்டார். போன் செய்து சிரித்தவர்கள் பலர். ‘நல்லதுக்குத்தானே சொல்றீங்க’ என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன்.

இந்த எச்சரிக்கை வரியை எழுதிய காலத்தில் நான் தினமும் ஒரு பெட்டி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். முகேஷ் என்ற இளைஞர் வாய்ப் புற்றுநோயால் 24 வயதில் இறந்த கதையைத் திரையில் பார்த்துவிட்டு, இடைவேளையில் வெளியே போய்ப் பற்றவைத்துக்கொண்டு வருவேன். யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. எந்தப் படமும் புகைப்பவனைக் கோமாளியாக்கவில்லை. நாயகன் சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயால் பிடித்தால் விசில் பறக்கும். சினிமாவுக்கும் எனக்கும் உண்மையிலேயே உடல்நலத்தில் அக்கறை இருந்திருந்தால், முதலில் சிரிப்புக்கு ஆளாகியிருக்க வேண்டியது அந்தச் சிகரெட்தான். சட்டம் வந்து எச்சரிக்கை வாசகத்தை வைத்த பிறகும் புகை ஸ்டைலாகவே இருந்தது. எந்தச் சட்டமும் சொல்லாமலேயே தடித்த பெண்ணின் உடம்பு சிரிப்பாக இருந்தது. உடல்நலம் என்ற பேச்சு இந்த இரண்டாவதற்கு மட்டும்தான் துணைக்கு வந்தது.

ஆண்களின் உடம்பு வேறு கணக்கு. 2018-ல் ‘96’ வந்தபோது விஜய் சேதுபதியின் உடல்வாகைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். நடுவயதை ஒளிக்காத உடம்பு, யதார்த்தம், தைரியம் என்றெல்லாம் புகழ்ந்திருக்கிறேன். அவையெல்லாம் உண்மைதான். அதே கண்ணோடு ஒரு நடிகையை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை என்பதும் உண்மை.

வீட்டுக்கு வருகிறேன். எனக்கு அக்கா ஒருவர். எட்டு வயது மூத்தவர். அப்பாவுக்கு முதுகு போய் வேலை நின்றபோது அக்காதான் தொழிற்சாலைக்குப் போனார். என் ஐந்தாம் படிவச் சோதனைக் கட்டணம் அவர் சம்பளத்தில் கட்டியது. சிறு வயதிலிருந்தே பருத்த உடம்பு. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்தில் வீடியோ கேசட் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கிய காலம். பிந்து கோஷ் நடித்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடனக்காரியாகச் சினிமாவுக்கு வந்தவர் அவர். ஆனால் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை, அவர் திரையில் நுழைந்தாலே சிரிப்பு. எங்கள் தெருவில் அக்காவுக்கு அந்தப் பெயர் வந்தது. வைத்தவன் நான். பெண் பார்க்க வந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. சினிமாவில் ‘குண்டு’ என்பது கல்யாணம் என்ற நடிகரின் பெயரோடே ஒட்டிக்கொண்டது, உசிலைமணி நடந்து வந்தாலே பின்னணி இசை மாறும், மெலிந்தவரையும் விடாமல் ‘ஓமக்குச்சி’ என்பார்கள். ஊரே இப்படித்தானே என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தெருவில் அந்தப் பெயரைக் கொண்டுவந்து விட்டது சினிமா இல்லை, நான்.

அக்கா சிரிப்பார். அதனால் அவருக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வயதானது, பேச்சின் தோரணை மாறியது. பட்டப்பெயர் போய் அக்கறை வந்தது. ‘அக்கா, சோத்தக் கொறைங்க.’ ‘நடங்கக்கா.’ ‘இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு எப்படிக்கா?’ கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, நாலு பேர் காதுபட, அவர் இலையைப் பார்த்துச் சொல்வேன். முகம் மாறினால், ‘நல்லதுக்குத்தான் சொன்னேன்.’

அந்தக் காலம் முழுவதும் அவர் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை. நடுநிசிக்கு மேல் கேன்டீனில் கிடைப்பது மீ கோரேங்கும் சீனி கொட்டிய மைலோவும். காலையில் வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துண்டு துண்டாகத் தூங்குவார். இப்படி இரவில் விழித்து இரவில் சாப்பிடும் வேலை எடையையும் இனிப்பு நீரையும் கூட்டும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. அக்கா எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை இட்லி சாப்பிடுகிறார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

2015 நவம்பர் 27 அன்று ‘இஞ்சி இடுப்பழகி’ வெளியானது. பிரகாஷ் கோவெலமுடி இயக்கம், அனுஷ்கா நாயகி. அந்தப் படத்துக்காக அவர் ஏறத்தாழ 20 கிலோ எடை ஏற்றினார் என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. எடையால் வரன் தட்டிப்போகும் ஒரு பெண், மெலிய வைப்பதாகச் சொல்லி ஏமாற்றும் நிலையம், அதன் முதலாளியாக பிரகாஷ் ராஜ், தோழிக்கு நேர்ந்த கெடுதியைப் பார்த்து அதை எதிர்த்துப் போராடக் கிளம்பும் நாயகி. கதை இதுதான். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். ‘இது உங்களுக்குன்னே எடுத்த படங்கக்கா’ என்று காடியில் ஏறும்போதே சொன்னேன். நல்ல வார்த்தை சொன்னதாகவே நினைத்தேன்.

முதல் பாதியில் தியேட்டர் சிரித்துக்கொண்டே இருந்தது. நாயகி தின்னும்போதும் ஓடும்போதும் சிரித்தது. அக்கா மடியில் பாப்கார்ன் பை இருந்தது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். இடைவேளையில் விளக்கு வந்தபோது பார்த்தேன், பை வாங்கியபடியே நிறைந்திருந்தது. இரண்டு கையாலும் அதன் வாயை மூடிப் பிடித்திருந்தார். ‘என்னக்கா, டயட்டா?’ என்று கேட்டேன். படம் முடிந்து வெளியே வந்ததும் நான் செய்தியைப் பற்றிப் பெரிதாகப் பேசிக்கொண்டு வந்தேன். அக்கா ஒன்று மட்டும் சொன்னார்: ‘அந்தப் பொண்ணு நடிச்சி முடிச்சோன்ன எளைச்சிரும் தம்பி.’

எளிதாக இளைக்கவில்லை. அடுத்த சில வருடங்கள் அனுஷ்காவைப் பற்றி வந்த செய்திகளில் பாதி அவர் எடையைப் பற்றியதாகவே இருந்தன. அதே 2015 ஜனவரியில் ‘ஐ’ படத்துக்காக விக்ரம் உடம்பை ஏற்றி இறக்கியதை நாங்கள் எல்லாரும் தவம் என்று எழுதினோம். ஒரு பெண் செய்தபோது, இனி மார்க்கெட் என்னாகும் என்று கேட்டோம். அக்கா சொன்ன அந்த ஒரு வரிக்கு என் விமர்சனத்தில் இடமில்லாமல் போயிற்று. உருவக் கேலிக்கு எதிரான படம் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, ‘இஞ்சி இடுப்பழகி’ முதல் ஒரு மணி நேரம் அதே கேலியை விற்றதைப் பற்றியும் நான் எழுதவில்லை. ‘ஒவ்வொரு பெண்ணும் பார்க்க வேண்டிய படம்’ என்று எழுதினேன்.

அந்த வாரத்தில்தான் பிரிக்பீல்ட்ஸில் விளம்பர வேலை பார்க்கும் ஒருவர் கூப்பிட்டார். படம் பேச்சில் இருக்கும்போதே, அந்தத் தலைப்பை ஒட்டி நாலு வரி வேண்டும் என்றார். காப்பித்தூள், சின்னச் சின்னப் பொட்டலமாகப் பெட்டியில் வரும். சாமான் எப்படி இருக்கும், யார் செய்கிறார்கள், எதுவும் கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் மேசையிலேயே எழுதினேன். ‘இஞ்சி இடுப்பு இனி உங்களுக்கும். 21 நாளில் மாற்றம். பக்க விளைவு இல்லை. அழகுக்காக அல்ல, உங்கள் ஆரோக்கியத்துக்காக.’ கடைசி வரியை யாரும் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தது. நன்றாக வந்திருக்கிறது என்று அவர் சொன்னது அந்த வரியைத்தான்.

அந்தக் காப்பியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மெலிவதற்கென்று விற்கும் காப்பியிலும் மூலிகை மாத்திரையிலும் சிபுட்ரமின் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பசியை அடக்கும் மருந்து அது. இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடுகிறது என்று 2010-லேயே பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எழுதியது அதற்கு ஐந்து வருடம் கழித்து. ‘பக்க விளைவு இல்லை’ என்று எழுதுவதற்கு முன் யாரிடமாவது கேட்க எனக்கு ஐந்து வருடம் இருந்தது.

அக்கா அதை வாங்கிக் குடித்தார். அவர் மகள் பின்னாளில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘மாமா எழுதற பக்கத்துல வந்திருக்கு, பொய்யா இருக்காது’ன்னு அம்மா சொன்னாங்க மாமா என்றாள். நாக்கு வறண்டது, தூக்கம் போனது, ராத்திரி நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது பெட்டியோடு நிறுத்திவிட்டார். எடை கொஞ்சம் குறைந்திருந்தது. அந்தக் குறைவைப் பார்த்து, ‘பரவாயில்லையே, சொன்னதக் கேட்டிருக்கீங்க’ என்று ஒரு பிறந்தநாள் விருந்தில் நான் பாராட்டியிருக்கிறேன்.

இனிப்பு நீர் அவருக்கு அதற்கு முன்பே இருந்தது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளியில் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கலாம். ஆனால் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் எடைமேடையில் ஏற வேண்டும். அது நடைபாதையில் இருந்தது, எதிரே இரண்டு வரிசை நாற்காலியில் ஆட்கள். அக்கா செருப்பைக் கழற்றுவார். பிறகு கைக்கடிகாரம், பிறகு வளையல் ஒவ்வொன்றாக; சில்லறைப் பையை மகளிடம் கொடுப்பார், துப்பட்டாவை எடுத்து மடித்துக் கொடுப்பார். மேசையில் எழுதுகிறவருக்குக் கேட்கும்படி மிஸி எண்ணை உரக்கச் சொல்வார். அந்த எண் இரண்டு கிலோவாவது குறைந்திருக்க வேண்டும் என்று அக்கா முதல் நாள் காலையிலிருந்தே பட்டினி கிடப்பார், ஆனால் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். அப்படி ஒருநாள் சீனி இறங்கி, வரிசையிலேயே வேர்த்துக் கொட்டிச் சாய்ந்துவிட்டார். இனிப்புத் தண்ணீர் கொடுத்து எழுப்பினார்களாம். ஏன் சாப்பிடவில்லை என்று டாக்டர் கேட்டதற்கு, மறந்துவிட்டேன் என்றாராம்.

அதன் பிறகு கிளினிக்குக்குப் போவதையே விட்டார். கேட்டால் வேலை இருக்கிறது என்பார். மகளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்: ‘அங்கப் போனா எடை பாப்பாங்க, பாத்துட்டு மாமா மாதிரியே பேசுவாங்க.’

2019-ல் வலது காலில் சின்னப் புண். ஆறவில்லை. சுண்டுவிரலை எடுக்க வேண்டி வந்தது. என் பேச்சால்தான் விரல் போனது என்று எந்த மருத்துவரும் எழுதித் தரமாட்டார். நானும் அப்படிச் சொல்லவில்லை. நோய்க்குப் பல காரணம், அக்காவின் பிடிவாதமும் அதில் சேர்த்தி. ஆனால் அவர் மருந்துக்குப் போகாமல் இருந்த காலத்தில், போகாததற்கு நானும் ஒரு காரணம். இதைவிடக் கேவலமான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். வார்டில் காலில் கட்டோடு அவர் படுத்திருந்தபோது, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொன்னது: ‘அப்பவே சொன்னேன்ல?’

உடம்பின் எடை ஒரு பொருட்டே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. 2023-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மேல் எடை உள்ளவர்கள். 2019 ஆய்வில் இனிப்பு நீர் மற்ற இனங்களைவிட நம்மவர்களிடம்தான் அதிகம். பத்தில் மூன்று பேருக்கு. டயாலிசிஸுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்த நோயால் சிறுநீரகம் போனவர்கள். கிள்ளானில் டயாலிசிஸ் நிலையத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தவருக்கு இது புரியும். எடுக்க வேண்டிய பிரச்சினைதான். 2019 ஜூலையிலிருந்து பாட்டில் பானங்களின் சீனிக்கு வரி போட்டார்கள், சரியான காரியம். நான் செய்ததற்கும் இந்தக் காரியத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கேலி யாருடைய சீனியையும் இறக்கவில்லை. அக்காவை மருத்துவரிடமிருந்து விரட்டியதுதான் அது செய்த வேலை.

இது எனக்கு முன்பே உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் எடைதான் என் பிழைப்பாக இருந்தது. 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க ஒரு விதி: சரக்கு ஏற்றிய கண்டெய்னரின் எடையை முறைப்படி நிறுத்து உறுதிசெய்த சான்று இல்லாமல் கப்பலில் ஏற்றக் கூடாது. ‘பாத்தாலே தெரியுதுண்ணே, பதினெட்டு டன்னு போட்டுக்குங்க’ என்று சொல்லும் லாரிக்காரரிடம் நான் முகம் கொடுத்துப் பேச மாட்டேன். நிறுத்துப் பார்த்தாலும் அது எடை மட்டும்தான். உள்ளே இருப்பது அரிசியா இரும்பா என்று தெரிய வேண்டுமானால் திறந்து பார்க்க வேண்டும். ஆபீசில் இவ்வளவு கறாராக இருந்தவன், வீட்டில் ஒரு மனுஷியைக் கண்ணால் பார்த்தே எடை போட்டு, அதுவே அவர் ஆரோக்கியம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற தங்கள் படத்தை வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதக் குறியீடு இருவருக்கும் ஒன்றேதான், 22.3. உடம்பில் இருந்த கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆசியர்களுக்கு அந்தக் குறியீடு 23-ஐத் தாண்டும்போதே கவனிக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னதும் அதே வருடம்தான். என்னைப்போல் ஒல்லியாகத் திரிந்து, காலையில் தே தாரிக்கும் மாலையில் மாமாக் கடையும் இடையில் சிகரெட்டுமாக வாழ்ந்த ஆண்களின் உடம்பைப் பற்றி எந்த விருந்திலும் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பந்தியில் என் இலையை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

பிந்து கோஷ் 2025 மார்ச்சில் காலமானார். கடைசிக் காலத்தில் நோயிலும் பண நெருக்கடியிலும் இருந்தார். ஒரு தலைமுறை சிரித்த சிரிப்பில் அவருக்கு மிஞ்சியது அவ்வளவுதான். அதே வருடம் நவம்பரில், சென்னையில் ‘அதர்ஸ்’ படத்தையொட்டி நடந்த பத்திரிகையாளர் சந்திப்பின் காணொளியை என் மகன் அனுப்பியிருந்தான். நாயகன் நாயகியைத் தூக்கும் காட்சி படத்தில் உண்டு. அவர் எடை எவ்வளவு என்று நாயகனிடம் யூடியூபர் ஒருவர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார். கௌரி கிஷன் அதை நேருக்கு நேர் எதிர்த்துப் பேசினார். ‘96’-ல் பள்ளிக்கூட ஜானுவாக வந்த அதே பெண். என் எடையை ஏன் கேட்கிறீர்கள், இது உருவக் கேலி என்றார். கேட்டவர் குரலை உயர்த்தினார். சுற்றிலும் ஆண்கள். பக்கத்தில் இருந்த படக்குழுவினர் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. பிறகு நடிகர் சங்கம் கண்டித்தது, கேட்டவர் வருத்தம் தெரிவித்தார்.

அந்தக் காணொளியில் என் கண் கேட்டவர் மேலேயே நின்றது. அவர் எழுப்பிய கேள்வியை நான் அச்சிலேயே எழுதியிருக்கிறேன். நாயகன் தூக்கும் காட்சி, இடுப்பு வலி. என்னை எதிர்த்து யாரும் எழுந்து நின்று பேசியதில்லை. சென்னையில் இருந்த நடிகைகளுக்குப் போர்ட் கிள்ளான் கிராணி எழுதியது போய்ச் சேர்ந்திருக்காது. போய்ச் சேர்ந்த ஒரே வாசகி பண்டமாரானில் இருந்தார். என் விமர்சனம் ஒவ்வொன்றையும் கத்தரித்து ஒட்டி வைத்தவர் அவர்தான். நான் எடுத்துப் படித்தேன் என்று மேலே சொன்ன கோப்பு அக்காவுடையது. எச்சரிக்கை வாசகம் போடலாம் என்று எழுதிய விமர்சனமும் அதில் இருக்கிறது. ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியிருக்கிறார்.

இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அக்காவிடம் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். இப்போது அவரை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது நான்தான். எடை பார்க்கும்போது திரும்பிக்கொள்கிறேன், சீனி அளவை மட்டும் கேட்கிறேன். அதனால் பேசிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கம் வந்திருக்கிறது. பட்டப்பெயரைப் பற்றிச் சொன்னேன், தெரியும் என்றார். வார்டில் சொன்னதைச் சொன்னேன். ஞாபகம் இருக்கு என்றார், குரலில் இளக்கம் இல்லை. காப்பி விளம்பரத்தைச் சொன்னபோதுதான் நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

‘நீயா எழுதன?’

‘ஆமாங்கக்கா.’

‘அந்தக் காப்பிய நீ குடிச்சிப் பாத்தியா?’

‘இல்லக்கா.’

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே போய்ப் பழைய கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். சம்பளம் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து செலவை எழுதி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார்.

‘ஒரு பெட்டி எழுபத்தொம்பது வெள்ளி. மூணு பெட்டி. எரநூத்து முப்பத்தேழு’ என்றார். ‘குடுத்துட்டுப் போ.’

என்னிடம் அவ்வளவு இல்லை. சாலை முனைக்குப் போய் இயந்திரத்தில் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு, மூன்று வெள்ளி மிச்சத்தைத் திருப்பித் தந்தார்.